24 பக்கங்களுக்குள் ஒரு பாத்திரம்: டோஜின்ஷியில் வார்ப்புகளையும் கதைவழக்குகளையும் கையாளும் முறை

டோஜின்ஷி எனப்படும் ஜப்பானிய ரசிகர் காமிக்ஸை வரையத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது பாத்திர வார்ப்புகளின் பட்டியலைத்தான். கடுகடுப்பானவள், அதிகம் பேசாதவள், கண்ணாடி அணிந்த வகுப்புத் தலைவி, செல்வர் வீட்டுப் பெண், சிறுவயதுத் தோழன் என்று நீளும் அந்தப் பட்டியல் இணையத்தில் எளிதாகவே கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வரைந்த கதைகள் பெரும்பாலும் சோபிப்பதில்லை. அந்தப் பட்டியல் சொந்தக் கதை எழுதுபவருக்கு ஏற்றது. ரசிகர் காமிக்ஸில் பாத்திரம் ஏற்கெனவே பிறந்து வளர்ந்துவிட்டது. அதன் முகமும் உடையும் பெயரும் நட்பும் பகையும் வாசகருக்குத் தெரியும். சில வேளைகளில் வரைபவரைவிட நன்றாகவே தெரியும். ஆகவே இங்கே வார்ப்புக்கு அறிமுகம் செய்யும் வேலை இல்லை. வாசகர் அறிந்த ஒரு பாத்திரத்தின் எந்தப் பக்கத்தை இந்தப் புத்தகம் பார்க்கப்போகிறது என்று தெரிவிப்பதே அதன் வேலை. இதை மனத்தில் கொண்டால், எந்த வார்ப்பை எவ்வளவு எடுப்பது, எதை விடுவது என்ற முடிவுகள் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும்.

இப்புத்தகங்கள் வளர்ந்த சூழலையும் சற்று அறிந்திருக்க வேண்டும். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் முதல் காமிக் மார்க்கெட் நடந்தபோது 32 குழுக்கள் பங்கேற்றன. வந்தவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் பெரும்பாலோர் சிறுமியருக்கான மாங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, விரும்பிப் படித்த பள்ளி மாணவியர். காமிகெட் என்று சுருக்கி அழைக்கப்படும் அந்தச் சந்தை வளர்ந்து, ஆண்டுக்கு இருமுறை டோக்கியோ பிக் சைட் அரங்கில் பல இலட்சம் பேர் கூடும் நிகழ்வாகியுள்ளது. அங்கே 'சர்க்கிள்' எனப்படும் ஒவ்வொரு குழுவுக்கும் கிடைப்பது பாதி மேசை. அந்த மேசையின் முன் நிற்கும் வாசகர் மாதிரிப் பிரதியைச் சில நொடிகள் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். புத்தகமும் பெரியதன்று, பி5 அல்லது ஏ5 அளவில் இருபது முப்பது பக்கங்கள் கொண்டதாகவே பெரும்பாலும் இருக்கும். இவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு மனிதரின் முழு இயல்பையும் காட்ட இயலாது. ஒரு பார்வையிலேயே பிடிபடும் வார்ப்புகள் இந்தச் சூழலில் செழித்ததற்கு அதுவே காரணம்.

எடுத்துக்காட்டுகளுக்கு டோஹோ ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஸூன் என்ற ஒரே மனிதர் தம் சர்க்கிளின் பெயரில் உருவாக்கி வரும் இந்தக் கணினி ஆட்டங்களும் ரசிகர் சந்தையில் பிறந்தவையே. 2002 ஆகஸ்டில் காமிகெட்டில் வெளியான ஆறாவது ஆட்டத்திலிருந்து அவற்றின் புகழ் பரவியது. ரசிகர்கள் தம் படைப்புகளை உருவாக்குவதற்கு ஸூன் வெளிப்படையான விதிமுறைகளோடு இசைவு தந்திருக்கிறார். 2004 முதல் ரெய்தாய்சாய் என்ற தனிச் சந்தையும் டோஹோவுக்கென்றே நடந்து வருகிறது. ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுக்க முதன்மையான காரணம் வேறு. இவை குண்டுமழைக்கு நடுவே பறந்து சுடும் ஆட்டங்கள்; பாத்திரங்கள் மோதலுக்கு முன்னும் பின்னும் சில வரிகளே பேசுகின்றன. மிச்சமிருந்த வெற்றிடத்தை ரசிகர்களே நிரப்பினார்கள். ஒரு வார்ப்பு எங்கே முளைக்கிறது, எப்படிப் பருக்கிறது, எப்போது மூலத்தையே மறைத்துவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் படைப்பு வேறொன்றை நான் கண்டதில்லை.

முதலில் சான்று, பிறகு வார்ப்பு

வரையத் தொடங்குமுன் ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் மூலப் படைப்பு அந்தப் பாத்திரத்தைப் பற்றி உறுதியாகக் காட்டியவற்றை மட்டும் எழுதுங்கள். ரசிகர்களிடையே பரவி நிலைத்துவிட்டவற்றை வலப்பக்கத்தில் எழுதுங்கள். ஜப்பானிய ரசிகர்கள் முன்னதைக் 'கோஷிகி' என்றும் பின்னதை 'நிஜி செத்தெய்' என்றும் பிரித்தே பேசுவார்கள்; இந்தப் பிரிவினை தெரியாமல் வரைபவரை அவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

சிர்னோ என்ற பனித் தேவதையைப் பாருங்கள். ரசிகர் காமிக்ஸில் அவள் கூட்டல் கணக்குக்கூடத் தெரியாத அடிமுட்டாள். இதற்கு மூலத்தில் ஒரு வித்து உண்டு. 2005-இல் வெளிவந்த ஆட்டத்தின் கையேட்டில் ஒரு படத்திலிருந்த சிர்னோவுக்கு வட்டமிட்ட 9 என்ற எண்ணைத் தந்து, அந்த எண்ணுக்குரிய விளக்கத்தில் 'முட்டாள்' என்று அச்சிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து வட்டமிட்ட 9 அவளுடைய மறுபெயராகவே ஆயிற்று. ஹக்குரேய் கோயிலின் பூசாரிப் பெண்ணான ரெய்முவின் கதையும் இப்படியே: மலைமேல் இருக்கும் அந்தக் கோயிலுக்கு வருவோர் குறைவு, காணிக்கைப் பெட்டி நிறைவதில்லை என்பது மூலத்தில் உள்ளது, அவள் பட்டினி கிடந்து புல்லைத் தின்னும் அளவுக்கு அதை இழுத்தவர்கள் ரசிகர்கள். செந்நிற மாளிகையின் வாயிற்காவலாளியான மெய்லிங் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள், தலைமைப் பணிப்பெண் சகுயா அவள் நெற்றியில் கத்தியை எறிவாள் என்ற காட்சியை எண்ணற்ற புத்தகங்களில் காணலாம்.

வலப்பக்கத்தில் உள்ளவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ரசிகர் சமூகம் சேர்ந்து கட்டிய சொத்து அது, வாசகர் அதை விரும்பியே வருகிறார். ஆயினும் வேறொருவரின் டோஜின்ஷியிலிருந்து எடுத்து, அதையும் பார்த்து மற்றொருவர் வரைந்து, இப்படியே பல கை மாறிய பாத்திரத்தில் மூலத்தின் உயிர் எஞ்சுவதில்லை. ஒரு வார்ப்பை எடுக்கும்போது அதன் வித்து மூலத்தில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிச் சென்று பார்ப்பது, அந்த வார்ப்பிலிருந்து இதுவரை யாரும் வரையாத ஒன்றைக் கண்டெடுக்க உதவும். சிர்னோவின் வித்தை மறுபடி பாருங்கள்: தன்னைவிடப் பன்மடங்கு வலிய எதிரியின் முன்னும் "நானே வல்லவள்" என்று சொல்லி நிற்பவள் அவள். அதை அறியாமை என்றும் வரையலாம், அச்சமின்மை என்றும் வரையலாம். மூலத்தின்படி தேவதைகளுக்கு இறப்பில்லை, இயற்கை உள்ளவரை மீண்டும் தோன்றுவார்கள். அப்படியானால் அந்தச் சிறுமி தன் மனிதத் தோழியரை எல்லாம் கடந்து வாழ வேண்டியவள் ஆகிறாள். முட்டாள் என்ற அதே வார்ப்பின் மேல் நின்று நெஞ்சைப் பிழியும் கதைகளை வரைந்தவர்கள் இந்த வழியில்தான் போனார்கள்.

சில வழக்குகளை முற்றிலும் விட்டுவிடவும் வேண்டும். மெய்லிங்கின் பெயரைப் படிக்கத் தெரியாத ரசிகர்கள் அவளை 'சீனா' என்றே அழைத்தது ஒருகாலத்தில் பெரிய நகைச்சுவையாக இருந்தது. ஒரு பெண்ணை அவளுடைய நாட்டின் பெயரால் கூப்பிட்டுச் சிரிப்பது தேய்ந்துபோன வழக்கு மட்டுமன்று, இரக்கமற்றதும் கூட. இன்று புதிதாக வரைபவர் அதைத் தொடரத் தேவையில்லை.

தாள் நிரம்பிய பிறகு, உங்கள் புத்தகம் பார்க்கப்போகும் பக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "சகுயா கடமை தவறாதவள்" என்று எழுதினால் போதாது. அது பட்டியலில் உள்ள வார்ப்பு. "எல்லோரும் உறங்கும்போது நேரத்தை நிறுத்திவிட்டுத் தனியாக வேலை செய்யும் சகுயா, தனக்காக ஒரு நொடியையும் நிறுத்திக்கொண்டதில்லை" என்று எழுதினால் அங்கே கதை இருக்கிறது. நேரத்தை நிறுத்துவது மூலம் அவளுக்குத் தந்த ஆற்றல், கடமை தவறாத பணிப்பெண் என்பது வார்ப்பு. இரண்டும் உரசுகிற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

வார்ப்புகளை எடைபோடுதல்

அஸுமா ஹிரோக்கி என்ற சிந்தனையாளர் 2001-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஜப்பானிய ரசிகர்கள் பாத்திரங்களைப் பூனைக்காது, பணிப்பெண் உடை, உச்சியில் துருத்தும் ஒற்றை முடி போன்ற சிறு கூறுகளாகப் பிரித்து, ஒரு தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கோப்பதுபோல நுகர்கிறார்கள் என்பது அவர் கூற்று. சொந்தப் பாத்திரங்களை உருவாக்குவோருக்கு இந்தப் பார்வை பெரிதும் பொருந்தும்: கோபக்காரிக்கு மேல்நோக்கிச் சாய்ந்த கண்ணும் இருபுறமும் கட்டிய குதிரைவாலும், செல்வச் சீமாட்டிக்குச் சுருள் சுருளாகத் தொங்கும் முடியும் தருவது அவர்களுக்கு வழக்கம். ரசிகர் காமிக்ஸ் வரைபவருக்கு அந்த உரிமை இல்லை. ரெய்முவின் பெரிய சிவப்பு நாடாவும் மந்திரக்காரி மாரிஸாவின் கூம்புத் தொப்பியும் முன்பே வரையறுக்கப்பட்டவை. எனவே அவர் வார்ப்பைத் தோற்றத்தில் ஏற்ற முடியாது. முகபாவத்திலும் பேச்சிலும் மற்றவரிடமிருந்து பாத்திரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதிலும்தான் ஏற்ற வேண்டும்.

ட்சுன்டெரே என்ற வார்ப்பை அதிகமானோர் தவறாகக் கையாள்கிறார்கள். முள்ளும் சுளையுமான பலாப்பழத்தைப் போல, வெளியே வெடுக்கென்று பேசிவிட்டு உள்ளே கனிந்திருப்பவரைக் குறிக்கும் வார்ப்பு இது. புதியவர்கள் முள்ளை மட்டும் பத்துப் பக்கம் வரைந்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் முகம் சிவக்க வைக்கிறார்கள். வாசகருக்கு அது எரிச்சலையே தரும். கடுமைக்கும் கனிவுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும். டோஹோவில் பொம்மைகளை இயக்கும் மந்திரக்காரியான ஆலிஸ், மாரிஸாவிடம் ட்சுன்டெரேயாக நடந்துகொள்வதாக வரைவது நெடுநாள் வழக்கு. 2004-இல் வந்த எட்டாவது ஆட்டத்தில் அவர்கள் இருவரும் ஓர் அணியாக, சண்டையிட்டுக்கொண்டே பயணம் செய்தார்கள். வழக்கு அங்கே வேர் கொண்டது. நல்ல ஆலிஸ் கதைகளில் அவளுடைய கடுமை தனியாக வாழப் பழகிய ஒருவரின் ஒழுங்கிலிருந்து வருகிறது: தேநீர் ஆறுவதற்குள் வரவேண்டும், புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டும், காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வரவேண்டும். இரண்டாவது கோப்பையை எப்போதும் எடுத்து வைத்திருப்பதும் அதே ஒழுங்குதான். அப்படி வரையும்போது "உனக்காகவொன்றும் செய்யவில்லை" என்ற தேய்ந்த வசனத்துக்கே இடமிராது.

உணர்ச்சியை முகத்தில் காட்டாத கூடெரே வார்ப்புக்குச் சொற்களைவிடக் கட்டங்களே துணை. ஒரே கோணத்தில், ஒரே முகத்தை மூன்று கட்டங்களில் வரைந்து, மூன்றாவதில் கண் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், வாசகர் கண்டுகொள்வார். காதலின் பெயரால் வெறிகொள்ளும் யான்டெரே வார்ப்பைக் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. பளபளப்பை இழந்த கண்களும் கையில் கத்தியும் வரைவது மிக எளிது, அதனாலேயே அது சோம்பலின் புகலிடமாகிவிட்டது. மூலத்தில் அந்தப் பாத்திரம் எதை இழக்க அஞ்சுகிறது என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வார்ப்பைத் தொடாமலிருப்பதே மேல். துள்ளித் திரியும் உற்சாகிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பெரும்பாலும் அருகிலிருக்கும் மௌனிக்காகவே கதைக்குள் வருகிறார்கள்.

எல்லா வார்ப்புகளுக்கும் பொதுவான ஓர் இயக்கம் உண்டு. அதை ரசிகர்கள் 'கேப் மோய்' என்பார்கள். எதிர்பார்த்த இயல்புக்கும் திடீரென வெளிப்படும் இயல்புக்கும் உள்ள இடைவெளியில் பிறக்கும் பற்று அது. 500 ஆண்டு வாழ்ந்த இரத்தக்காட்டேரியும் மாளிகைத் தலைவியுமான ரெமிலியா, கம்பீரமாக நாற்காலியில் சாய்ந்தபடி பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சிறு அதிர்ச்சியில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிடும் காட்சிக்கு டோஹோ ரசிகர்களிடம் தனிப்பெயரே உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, கம்பீரத்தை உண்மையிலேயே கம்பீரமாக வரைய வேண்டும் என்பது. அதை முதலிலிருந்தே கேலியாக வரைந்தால் பின்னால் வீழ்வதற்கு உயரமே இராது.

நகைச்சுவைப் புத்தகமானால் வார்ப்புகளைவிட முக்கியமானது போக்கே, த்சுக்கோமி என்ற இரு பொறுப்புகள். ஜப்பானிய மேடைச் சிரிப்புரையான மன்ஸாயிலிருந்து வந்தவை இவை. போக்கே அபத்தத்தைச் சொல்வார். த்சுக்கோமி அதைச் சுட்டிக்காட்டி அடிப்பார். ஒவ்வொரு காட்சிக்கும் யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாரிஸா அபத்தம் பேச ரெய்மு சுட்டிக்காட்டுவது இயல்பான அமைப்பு. காணிக்கை என்ற சொல் காதில் விழுந்ததும் ரெய்முவே அபத்தத்துக்குத் தாவ, இதுவரை விளையாடிய மாரிஸா திகைத்துப்போய்ச் சுட்டிக்காட்டும் நிலைக்கு வந்தால், பொறுப்பு மாறிய அந்தத் தருணமே சிரிப்பைத் தரும். இருவரும் ஒரே நேரத்தில் அபத்தம் பேசும் காட்சியில் மூன்றாவதாக ஒருவர் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் வாசகரே அந்தப் பொறுப்பை ஏற்க நேரும்; அதற்கு அவர் பழகியிருக்க வேண்டும்.

பேச்சும் அழைப்பும்

ஜப்பானிய ரசிகர்கள் பாத்திரம் பிசகிவிட்டது என்று முதலில் உணர்வது பேச்சில்தான். முதியவர் 'வாஷி' என்று தம்மைச் சுட்டுவதும், செல்வர் வீட்டுப் பெண் 'தேஸு வா' என்று முடிப்பதும் உண்மை வாழ்வில் அரிது. புனைவில் அவை உடனடி அடையாளங்கள். இவ்வகைப் பேச்சை 'யாகுவாரிகோ' என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் கின்சுயி சாதோஷி என்ற மொழியியலாளர். அவருடைய நூல் 2003-இல் வெளிவந்தது. மாரிஸா ஆண்பிள்ளைத்தனமாக 'தா ஸே' என்று வாக்கியத்தை முடிப்பாள். ஆனால் தன்னை 'வாதாஷி' என்றே குறிப்பிடுவாள், ஆண்கள் சொல்லும் 'ஓரே' என்று சொல்லமாட்டாள். முரட்டுப் பெண் என்ற வார்ப்பை மட்டும் நினைத்து இரண்டையும் ஆணுக்குரியவையாக்கினால் அவள் மாரிஸாவாக இருக்கமாட்டாள்.

யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதற்கு ரசிகர்கள் கட்டம் போட்ட அட்டவணையே தயாரித்து வைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் ஒன்று தயாரிக்க வேண்டும். சகுயா ரெமிலியாவை 'ஒஜோ-சமா' (சின்ன எஜமானி) என்பாள், பெயர் சொல்லமாட்டாள். ஆகவே, ஒரு கதையில் அவள் ஒரே ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தால், அந்தக் கட்டம் முழுக் கதையின் எடையையும் தாங்கும். அட்டவணை இல்லாதவர் அந்த வாய்ப்பைத் தெரியாமலே முதல் பக்கத்தில் வீணாக்கிவிடுவார்.

தமிழில் வசனம் எழுதுவோருக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. தன்மைப் பெயர்களில் ஜப்பானிய மொழிக்குள்ள வகைமை நமக்கில்லை, எல்லோரும் 'நான்'தான். ஆனால் முன்னிலையில் நீ, நீங்கள் என்ற வேறுபாடும், 'டீ', 'அம்மா', 'தாயே' போன்ற விளிகளும், வினைமுற்றில் தெரியும் மரியாதையும் நம்மிடம் செழிப்பாக உள்ளன. 'ஓரே'வின் முரட்டுத்தனத்தை 'நான்' என்ற சொல்லில் தேடாமல் எதிரில் இருப்பவரை அவர் எப்படி விளிக்கிறார் என்பதில் இறக்கி வைக்க வேண்டும். சகுயா தன் தலைவியிடம் 'நீங்கள்' என்றும், மெய்லிங்கிடம் 'நீ' என்றும், விருந்தினரிடம் 'தாங்கள்' என்றும் பேசினால் ஒரே பக்கத்தில் அவளுடைய உலகம் விளங்கிவிடும்.

இணைகளும் கதைவழக்குகளும்

இருவரைக் காதலராக வரைவதானால் இணைப் பெயரின் வரிசைக்குப் பொருள் உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். 1980-களின் நடுவில் கேப்டன் சுபாசா என்ற கால்பந்து மாங்காவைச் சூழ்ந்து பெண் ரசிகர்களின் டோஜின்ஷி பெருகியபோது, ஹ்யூகா கோஜிரோவும் வாகாஷிமாஸு கென்னும் மிகுந்த வரவேற்புப் பெற்ற இணையாக இருந்தார்கள். 'கோஜிகென்' என்று அந்த இணையைச் சுருக்கினார்கள். முதலில் நிற்பவர் முன்னின்று நெருங்குபவர், பின்னால் நிற்பவர் அதை ஏற்பவர்; 'செமே', 'உகே' என்பவை அப்பொறுப்புகளின் பெயர்கள். வரிசை மாறினால் அது வேறு புத்தகம், வேறு வாசகர். வெளியாருக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வரிசை இரு பாத்திரங்களைப் பற்றிய ஒரு வாசிப்பின் சுருக்கம். உயரமானவர், முரடர் என்ற காரணத்துக்காகவே ஒருவரை முன்னே நிறுத்துவது பழைய வழக்கு. அடங்கியவராகத் தெரிபவரே துணிந்து முதல் சொல்லைச் சொல்லும் கதைகள் வாசகரிடம் நெடுங்காலம் தங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி கதைவழக்குகள். காய்ச்சலில் கிடப்பவரைப் பேணுதல், நினைவிழப்பு, உடல்மாற்றம், குழந்தையாகிவிடுதல், ஒருவரையொருவர் விரும்பியும் இருவருமே தம் அன்பு ஒருதலை என்று எண்ணித் தவித்தல், குறிப்பிட்ட ஒன்றைச் செய்யாவிட்டால் கதவு திறக்காத அறை, எல்லோரும் பள்ளி மாணவராக இருக்கும் மாற்றுலகம், முற்பிறவி நினைவோடு மறுபடி பிறத்தல், சொல்லாத காதலால் வாயிலிருந்து மலர்கள் உதிரும் நோய் என்று இவை பெருகியுள்ளன. தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் சூழல் என் பாத்திரத்தின் வழக்கமான தற்காப்பைப் பறிக்கிறதா? நோயாளியைப் பேணும் கதை ட்சுன்டெரேவுக்கு ஏற்றதென்று எல்லோரும் அறிவார்கள். செயலில் கனிவைக் காட்டாமல் தப்ப அங்கே வழியில்லை. நினைவிழப்பு அதைவிடச் செழிப்பானது. கடுஞ்சொல்லின் உட்பொருளை அறிந்திருந்த ஒரே ஆள் அதை மறந்துவிட்டால், அந்தச் சொல் வெறும் கடுஞ்சொல்லாகவே போய்ச் சேரும். பேசியவர் முதல்முறையாக நேராகப் பேசியாக வேண்டும். கூடெரேவுக்கு விருந்தும் மதுவும் நல்லவை. டோஹோவில் ஹக்குரேய் கோயில் விருந்து என்ற ஆயத்தமான களம் இருப்பதால் அங்கே அனைவரையும் காரணமின்றி ஒன்றுகூட்டலாம்.

அசாதாரண சூழலுக்கான காரணத்தை மூல உலகிலிருந்தே எடுங்கள். டோஹோ ரசிகர்கள் இதில் வல்லவர்கள்: யாராவது திடீரெனக் குழந்தையாக வேண்டுமா, மருந்து செய்யும் எய்ரின் இருக்கிறாள், விசித்திரக் கருவி வேண்டுமா, நீர்வாழ் காப்பாவான நிதோரி இருக்கிறாள், பொய்ச் செய்தியால் குழப்பம் வேண்டுமா, அயாவின் செய்தித்தாள் இருக்கிறது. ஒரே கட்டத்தில் காரணம் முடிந்துவிடும், கதை இரண்டாம் பக்கத்திலேயே தொடங்கிவிடும். பள்ளி போன்ற மாற்றுலகத்துக்குச் செல்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சீருடை அணிவித்ததும் மூலத்தில் இருந்த இடர்களும் பொறுப்புகளும் கழன்றுவிடுகின்றன. எஞ்சுவது வெறும் வார்ப்பு. அங்கே ரெய்முவை ரெய்முவாக வைத்திருக்க, அவள் யாருக்கும் சாயாமல் எல்லோரையும் ஒரே தூரத்தில் வைத்துப் பழகும் இயல்பை வகுப்பறையில் மறுபடி கட்டியெழுப்ப வேண்டும்.

மூன்றாமவரின் பார்வையில் சொல்லப்படும் கதைகள் மீது எனக்குத் தனி விருப்பம். பெயரற்ற துணைப்பாத்திரம் ஒருவர், கடைக்காரரோ புதிதாகச் சேர்ந்த பணிப்பெண்ணோ, முதன்மை இருவரையும் தொலைவிலிருந்து காண்பார். வாசகர் அறிந்ததை அவர் அறியமாட்டார். இருவரும் அன்பர்கள் என்பது நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், அவருக்குக் கடைசிப் பக்கத்தில் தெரியும். வாசகரின் முன்னறிவையே கதையின் இயக்கமாக்கும் இந்த அமைப்பு ரசிகர் காமிக்ஸுக்கே உரியது. சொந்தக் கதையில் இது இவ்வளவு எளிதாகக் கைகூடாது.

பக்கத்தில் இறக்குதல்

ஜப்பானிய அச்சகங்கள் அட்டையையும் சேர்த்தே பக்கங்களை எண்ணும். 28 பக்கப் புத்தகம் என்றால் கதைக்குக் கிடைப்பவை 24, அதிலும் முன்னெச்சரிக்கைக்கும் பின்னுரைக்கும் பதிப்பு விவரத்துக்கும் இரண்டு மூன்று போய்விடும். அட்டையின் இரு புறங்களும் முதலிரண்டு பக்கங்களாகக் கணக்கில் வருவதால் உள்பக்கம் பெரும்பாலும் 3-இல் தொடங்கும். வலப்புறம் கட்டிய புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் இடக்கைப் பக்கம் விழும். அதைப் படித்து முடித்ததும் வாசகர் தாளைத் திருப்புவார். ஆகவே, வார்ப்பு உடையும் தருணத்தை இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் வையுங்கள். ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஆலிஸ் முதுகைத் திருப்பி நிற்கட்டும். தாள் திரும்பியதும் அவள் முகத்தைப் பெரிதாகக் காட்டுங்கள். இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் விழுந்தால் வாசகரின் கண் முன்கூட்டியே தாவிவிடும், பட்ட பாடு வீண்.

மிகைப்படுத்தும் அளவைப் புத்தகத்தின் முதல் இரு பக்கங்களிலேயே நிறுவிவிட வேண்டும். நான்கு கட்ட நகைச்சுவையில் கத்தி நெற்றியில் குத்தினாலும் அடுத்த கட்டத்தில் மெய்லிங் சிரித்துக்கொண்டு நிற்கலாம். துயரக் கதையில் அதே கத்திக்கு இரத்தமும் வடுவும் உண்டு. இரண்டையும் ஒரே புத்தகத்தில் கலப்பவர்கள் பெரும்பாலும் துயரப் பகுதியில் தோற்கிறார்கள். 8-ஆம் பக்கத்தில் காயமே படாத உடல் 18-ஆம் பக்கத்தில் இறந்தால் வாசகர் நம்பமாட்டார்.

வரைந்து முடித்த பின் வாசகருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அட்டையைத் திருப்பியதும் வரும் முன்னெச்சரிக்கையில் எந்த இணை, எந்த வரிசை, நீங்களே கற்பனை செய்த பின்னணி உண்டா, பாத்திரத்தின் இயல்பு நகைச்சுவைக்காகச் சிதைக்கப்பட்டிருக்கிறதா, யாராவது இறக்கிறார்களா என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். வயது வந்தோருக்கான புத்தகமானால் அதற்குரிய குறி அட்டையிலேயே இருக்க வேண்டும். சந்தை நடத்துவோர் மாதிரிப் பிரதியை வாங்கிச் சரிபார்ப்பார்கள். ஒரு பாத்திரத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்ட வாசகர் உங்கள் பகைவர் அல்லர். அவர் வேறொரு மேசைக்குச் செல்ல வழிவிடுவதற்கே இந்தக் குறிப்புகள். ஓவியங்களைப் பகிரும் பிக்ஸிவ் தளத்தில் முன்னோட்டம் போடும்போதும் இதே குறிப்புகளைக் குறிச்சொற்களாக இடுங்கள். முன்னோட்டத்துக்கு முதல் நான்கைந்து பக்கங்களையே தாருங்கள். வார்ப்பு உடையும் பக்கத்தை அதில் சேர்க்காதீர்கள். அந்த முதல் பக்கங்களில் பாத்திரத்தின் பேச்சு மட்டும் சரியாக அமைந்திருந்தால், மூலத்தை நேசிக்கும் வாசகர் சந்தை நாளில் உங்கள் மேசையைத் தேடி வருவார்.